முப்பத்திரண்டாவது அடி

தோற்பது எளிது. எந்த அணியும் தோற்கும். ஆனால் தோற்றதைக் கோப்பு எண் போட்டு, மூன்று பிரதி எடுத்து, முறைப்படி வெற்றியாகப் பதவி உயர்த்தும் மேன்மை, மனிதகுல வரலாற்றில் தகானெஹாமா ரயில் நிறுவனத்துக்கு மட்டுமே வாய்த்தது. அதற்கு அந்த நிறுவனத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் கதையைத் தொடங்க வேண்டும்.

1983ஆம் ஆண்டுப் பருவத்தில் நிறுவனத்தின் பேஸ்பால் அணியான 'கெளுத்திகள்' நூற்று முப்பது ஆட்டங்கள் ஆடியது. இருபத்தொன்பது வெற்றி, மூன்று சமன், தொண்ணூற்றெட்டு 'பிற'. இந்தப் 'பிற' என்ற சொல்லை ஆண்டறிக்கைக்கு வழங்கிய மேதை, பொது விவகாரப் பிரிவு மேலாளர் அரிமுரா. பூமிக்கடியில் கிடக்கும் கெளுத்தி மீன் வாலை ஆட்டினால் நிலம் நடுங்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. அணிக்குப் பெயர் வந்தது அப்படித்தான். இந்தக் கெளுத்திகள் ஆறு மாதம் விடாமல் வாலை ஆட்டியும் கடலோர லீக்கில் ஒரு தேநீர்க் கிண்ணம்கூட அசையவில்லை.

அக்டோபரில் நிறுவனத் தலைவர் குராமோச்சி ஓர் ஆணை பிறப்பித்தார். பருவத்தின் அரும்பெரும் ஆட்டங்களையும் வீரர்களின் சாதனைகளையும் தொகுத்து 'மறக்க முடியாத பருவம்' என்ற நினைவு மலர் வெளிவர வேண்டும். எழுதும் பொறுப்பு, அணியின் ஆட்டப் பதிவாளர் நொகாமியின் தலையில் விழுந்தது.

நொகாமிக்கு நாற்பத்தாறு வயது. இருபது ஆண்டுகளாக மைதானத்தின் நான்காவது வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் பதிவுப் புத்தகத்தில் குறித்து வந்தவர். பந்து எங்கே விழுகிறதோ அங்கேதான் அவருடைய பென்சிலும் விழும். வெயில், மழை, மேலதிகாரி, மனைவியின் பிரசவம் எதுவும் அந்தப் பென்சிலை இம்மியும் நகர்த்தியதில்லை. இப்படிப்பட்டவரிடம் ஒரு நிறுவன மலரை ஒப்படைத்ததை 'நிர்வாகத் துணிச்சல்' என்றுதான் சொல்ல வேண்டும்.

உடனே 'மறக்க முடியாதவற்றைத் தேர்வு செய்யும் குழு' கூடியது. தலைவரோடு சேர்த்து ஏழு பேர். பச்சைத் தேநீரும் அரிசி பிஸ்கட்டும் வந்தன.

"பத்து ஆட்டம் வேணும். பத்தும் ஜெயிச்சதா இருக்கணும். ஜெயிக்கலைன்னா ஜெயிச்ச மாதிரி இருக்கணும்" என்றார் தலைவர்.

நொகாமி பட்டியலைத் திறந்தார். "மே மூணாம் தேதி ஒரு நல்ல ஆட்டம் இருக்குங்க ஐயா. ரெண்டு ரன் முன்னால இருந்தோம். மூணாவது இன்னிங்ஸ்ல மழை வந்து ஆட்டம் ரத்தாயிருச்சு."

"ஜெயிச்சோமா?"

"ஆட்டமே கணக்குல இல்லைங்க."

அரிமுரா தொண்டையைச் செருமினார். "இயற்கையால் பறிக்கப்பட்ட வெற்றி. அப்படிப் போடலாம்."

ஏழு தலைகளும் அசைந்தன. அதன் பிறகு வேலை கடகடவென்று நடந்தது. ஜூலை எட்டாம் தேதி பதினேழுக்கு இரண்டு என்று தோற்ற ஆட்டத்தில், எதிரணியின் எண்ணிக்கையைக் காட்டும் பலகையிலிருந்து ஏழு என்ற தகடு கழன்று விழுந்து, ஒன்றுக்கு இரண்டு என்று தெரிந்தது. அது 'பலகையின்படி வெற்றி' ஆயிற்று. எதிரணியின் பேருந்து ஒரு மணி நேரம் தாமதமாக வந்த ஆகஸ்ட் ஆட்டம் 'எதிரியே இல்லாத முன்னிலை' என்று ஏற்கப்பட்டது. ஓர் ஆட்டம் முழுக்கத் தன் பக்கம் ஒரு பந்துகூட வராத இடப்புறக் காவலர், 'பிழையற்ற காப்பு' சாதனையாளர் ஆனார். அந்த ஒன்பது இன்னிங்ஸும் அவர் தும்பி பிடித்துக்கொண்டிருந்தார் என்று நொகாமி சொல்லிப் பார்த்தார்.

"பிடிச்சாரா, விட்டாரா?" என்று கேட்டார் அரிமுரா.

"நாலு பிடிச்சாருங்க."

"அதையும் சேர்த்துக்குங்க."

இவ்வளவு மகிமைகளுக்கு நடுவில் அணிக்கு உண்மையாகவே ஒரு சாதனை இருந்தது. அதுதான் பெரிய தொந்தரவு.

இசோபே கெஞ்சி என்ற முப்பத்தாறு வயது ஆட்டக்காரர் அந்தப் பருவத்தில் முப்பத்தொரு முறை பந்தால் அடிபட்டிருந்தார். பேஸ்பாலில் எறியும் பந்து மட்டைக்காரர் மேல் பட்டால் அவருக்கு முதல் தளம் இலவசம். மற்றவர்கள் பந்தைக் கண்டால் விலகுவார்கள், இசோபே நகரமாட்டார். மட்டையால் பந்தைத் தொட முடியாத நாள்களில் விலா எலும்பால் தொட்டார். அணி வென்ற இருபத்தொன்பதில் பாதி, அவர் உடம்பு வாங்கிக் கொடுத்தது. பெயர்தான் கெஞ்சி, பிறந்ததிலிருந்து யாரிடமும் எதற்கும் கெஞ்சியவர் இல்லை.

முப்பத்தொன்று என்பது லீக்கில் முன்பே ஒருவர் வைத்திருந்த சாதனை. இன்னும் ஒரு அடி பட்டிருந்தால் இசோபே தனி ஆளாக நின்றிருப்பார். தலைவர் குராமோச்சி அந்த ஒன்றுக்காகக் காத்திருக்கவில்லை. செப்டம்பரிலேயே, விலாவில் பந்து வாங்கி நெளியும் கோலத்தில் இசோபேயின் வெண்கலச் சிலையை வார்க்கச் சொல்லிவிட்டார். ரயில் நிலைய வாசலில் வைக்க வேண்டிய அதன் பீடத்தில் 'முப்பத்திரண்டு' என்று ஆழமாகச் செதுக்கியாகிவிட்டது.

"ஒண்ணு குறையுதுங்க ஐயா" என்றார் நொகாமி.

"வெண்கலத்துல செதுக்கினத அழிக்க முடியாது நொகாமி" என்றார் தலைவர், வருத்தத்தோடு. "உண்மையைத்தான் கொஞ்சம் நகர்த்தணும்."

எங்கே நகர்த்துவது என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். செப்டம்பர் பத்தொன்பது.

அன்று எதிரணி, முதலிடத்தில் இருந்த மினாஹோ வல்லூறுகள். பார்வையாளர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், மூன்றுக்கு மூன்று என்று சமன், மூன்று தளங்களிலும் ஆள் நிற்கிறார்கள், இரண்டு பேர் அவுட். மட்டையோடு இசோபே. பந்து அவருடைய முழங்கையை உரசிக்கொண்டு போனது போலத் தெரிந்தது. அம்பயர் கையை உயர்த்தி, அடிபட்டார், முதல் தளத்துக்குப் போகலாம் என்று காட்டினார். மூன்றாம் தளத்தில் நின்றவர் தானாக உள்ளே வர வேண்டியதுதான், வெற்றி. நொகாமி 'அடிபட்டார்' என்று குறித்தும்விட்டார்.

இசோபே நகரவில்லை. தொப்பியைக் கழற்றி அம்பயருக்குக் குனிந்து வணங்கினார்.

"மன்னிக்கணும். பந்து என்மேல படலைங்க. சட்டைக்கை காத்துல ஆடினதுதான்."

அம்பயர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நான் பட்டுச்சுன்னு சொல்லிட்டேனே."

"முப்பத்தோரு தடவை பட்டிருக்குங்க. எது பட்டுது எது படலைன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

அம்பயர் தீர்ப்பை மாற்றிக்கொண்டார். அடுத்த பந்தை இசோபே வீசி அடித்தார். காற்றுக்குத்தான் அடி பட்டது. அவுட். சமன் என்பதால் ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸுக்குப் போனது, அதில் வல்லூறுகள் ஒரு ரன் எடுத்தன. நான்குக்கு மூன்று, தோல்வி.

இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் இசோபேயைத் திட்டினார்கள். நான்காவது வரிசையிலிருந்து "முட்டாள்" என்று தொண்டை கிழியக் கத்தியது ஒரு குரல். அது தன்னுடைய குரல் என்று நொகாமிக்குச் சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது. பிறகு அழிப்பான் எடுத்து 'அடிபட்டார்' என்பதை அழித்தார். நடந்ததை நடந்தபடி எழுதுவதே பிழைப்பாகக் கொண்ட ஒருவன், நடந்ததை நடந்தபடி சொன்ன மனிதனைப் பார்த்து அப்படிக் கத்தியிருக்கிறான். அன்றிலிருந்து அவருக்குத் தொண்டையில் மீன் முள் சிக்கியது போலவே இருந்தது.

இப்போது அரிமுரா ஒரு தாளை நீட்டினார். 'நன்கு யோசித்துப் பார்த்ததில், பந்து என்மீது பட்டது' என்று அதில் அச்சாகியிருந்தது. இசோபே கையெழுத்து போட்டால் அடுத்த பருவத்துக்குப் பயிற்சியாளர் வேலை. போடாவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது. வாங்கி வர வேண்டியவர் நொகாமி.

ஞாயிற்றுக்கிழமை காலை போனார். இசோபேயின் மனைவி மிட்சுயோ வெள்ளை முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். இசோபே கூடத்தில் சட்டையில்லாமல் உட்கார்ந்து முதுகுக்கு மருந்துத் துணி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க நொகாமி சான். இந்த முதுகப் பாருங்க, உங்க புத்தகத்துல இருக்கிற எல்லாம் இதுலயும் இருக்கு. தோள்பட்டை ஏப்ரல். இடுப்பு ஜூன். இந்தப் பச்சை நிறத்துல இருக்கே, அது ஆகஸ்ட்."

"ஆகஸ்ட் பதினாலு. ஆறாவது இன்னிங்ஸ்" என்றார் நொகாமி, தன்னையறியாமல்.

"பாத்தியா" என்றார் இசோபே மனைவியிடம். "நீ என் பிறந்த நாளையே மறந்துடற."

நொகாமி தாளை எடுத்து வைத்தார். இசோபே ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "நல்லா யோசிச்சுப் பாத்தா பந்து படுமா? எவ்வளவு நேரம் யோசிக்கணும்?"

"ஒரு கையெழுத்துதான் இசோபே சான். பயிற்சியாளர் வேலை. குளிர்காலம் வேற வருது."

"நான் யோசிச்சுட்டேன். படல."

மிட்சுயோ கத்தியைக் கீழே வைத்தாள். "இந்த ஆளுகிட்ட ஒண்ணும் நடக்காது நொகாமி சான். கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், சூப் நல்லாருக்குன்னு ஒரு பொய் சொல்லச் சொல்லுங்க, பாப்போம்."

"போன மார்ச்ல நல்லாருந்துச்சுன்னு சொன்னேனே."

"அது எங்க அம்மா வச்சது."

சிரிக்க வந்த நொகாமி சிரிக்க முடியாமல் குனிந்தார். "அன்னிக்கு நாலாவது வரிசையிலேருந்து உங்கள முட்டாள்னு கத்தினது நான்தான்."

"தெரியும்" என்றார் இசோபே. "இருபது வருஷமா அந்த வரிசையிலேருந்து சத்தமே வந்ததில்ல. அதனாலதான் காதுல விழுந்துச்சு. சூப் சாப்பிட்டுப் போங்க. கொஞ்சம் உப்பு ஜாஸ்தி."

கையெழுத்தில்லாத தாளைக் கண்டு குழு தளரவில்லை. அறிவியலை நாடியது. நிறுவன மருத்துவர் நிவா வரவழைக்கப்பட்டு, இசோபேயின் உடலில் முப்பத்திரண்டாவது தழும்பு இருக்கிறதா என்று ஆராயப் பணிக்கப்பட்டார். ஆட்டம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது என்பது அறிவியலுக்கு ஒரு பொருட்டல்ல. மருத்துவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினார்.

"முப்பத்தொண்ணு" என்றார். அரிமுராவின் முகம் விழுந்தது. "இருங்க, தொடையில இன்னொண்ணு இருக்கு."

"அது போன வாரம் சைக்கிள்லேருந்து விழுந்தது டாக்டர்" என்றார் இசோபே.

"சைக்கிள் எந்தப் பக்கத்திலேருந்து வந்துச்சு?" என்று கேட்டார் அரிமுரா.

"வரலைங்க. நான்தான் அதுமேல உக்காந்து வந்தேன்."

மருத்துவர் நேர்மையானவர், பந்து என்று எழுத மறுத்தார். 'உருண்டையான பொருளால் ஏற்பட்டிருக்க வாய்ப்பு உண்டு' என்று மட்டும் சான்றிதழ் கொடுத்தார். சைக்கிள் சக்கரமும் உருண்டைதான் என்பதால் அவர் மனசாட்சிக்கு ஒரு கீறலும் இல்லை.

அடி நிரூபணமாயிற்று. அடி உண்டென்றால் ரன் உண்டு. ரன் உண்டென்றால் செப்டம்பர் பத்தொன்பது வெற்றி. ஆக மொத்தம் முப்பது வெற்றி. முழு எண் பார்க்க அழகாக இருக்கிறது என்று தலைவர் மகிழ்ந்தார். அதே வாரம் இசோபேயின் ஒப்பந்தம் முடித்துவைக்கப்பட்டது. காரணம்: 'உடலில் காயங்கள் அதிகம்.'

தொண்ணூற்றாறு பக்கத்தில் மலர் வழவழவென்று அச்சானது. நொகாமி எழுதிக் கொடுத்ததில் குழுவின் திருத்தத்துக்குத் தப்பியவை பக்க எண்களும் அவருடைய பெயரும்தான். வெளியீட்டு விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது அச்சகத்திலிருந்து தொலைபேசி வந்தது. முதல் பக்கத்தில் ஓர் எழுத்து மாறி, 'நம் அன்புக்குரிய தலைவர்' என்பது 'நம் அன்புக்குரிய தலைவலி' என்று அச்சாகியிருந்தது.

நிறுவனம் கிடுகிடுத்தது. கெளுத்திகளால் ஆறு மாதத்தில் செய்ய முடியாத நிலநடுக்கத்தை ஓர் எழுத்து செய்து காட்டியது.

"பிழைதிருத்தச் சீட்டு போடணும். இன்னிக்கே" என்றார் அரிமுரா, வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "மலர்ல எங்கெங்கே தப்பு இருக்கோ, எல்லாத்தையும் திருத்தி எழுதுங்க."

"எல்லாத்தையுமா?" என்று கேட்டார் நொகாமி.

"ஒண்ணு விடாம."

இருபது ஆண்டுப் பணியில் நொகாமி ஓர் ஆணையை இவ்வளவு ஆசையாக நிறைவேற்றியதில்லை. சாப்பாட்டு இடைவேளையில் சோற்று உருண்டையை ஓரமாக வைத்துவிட்டுப் பென்சிலைச் சீவினார்.

'பக்கம் 1: தலைவலி என்பதைத் தலைவர் என்று வாசிக்கவும்.' இது முடிந்ததும் கை நிற்கவில்லை. 'பக்கம் 12: பலகையின்படி வெற்றி என்பதைப் பதினேழுக்கு இரண்டு தோல்வி என்று வாசிக்கவும். ஏழு கீழே கிடந்தது.' 'பக்கம் 19: பிழையற்ற காப்பு என்பதைத் தும்பி நான்கு என்று வாசிக்கவும்.' 'பக்கம் 48: உருண்டையான பொருள் என்பதைச் சைக்கிள் என்று வாசிக்கவும்.' அதற்குக் கீழே செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி ஆட்டத்தைப் பந்து பந்தாக எழுதினார். இசோபே தொப்பி கழற்றியதை, வணங்கியதை, சொன்னதை. பிறகு கொஞ்சம் தயங்கிக் கடைசித் திருத்தத்தையும் எழுதினார். 'முன்னுரை: பதிவாளர் எந்தப் பக்கமும் சாயாதவர் என்பதை, அன்று நான்காவது வரிசையிலிருந்து முட்டாள் என்று கத்தியவர் என்று வாசிக்கவும்.' எழுதியதும் தொண்டை முள் இறங்கியது. சோற்று உருண்டையைச் சாப்பிட்டார்.

மொத்தம் அறுபத்தொரு திருத்தங்கள், பதினான்கு பக்கம்.

ஒப்புதலுக்கு ஏழு முத்திரை வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் முதல் வரியைப் பார்த்தார்கள். 'தலைவலி' என்ற சொல்லைக் கண்டதும், அதைப் படித்துக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தால் ஆபத்து என்று பட்டென்று முத்திரை குத்தித் தள்ளினார்கள். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு குத்தினார். அச்சகக்காரர் மட்டும் தொலைபேசியில், "இது சீட்டா, புத்தகமா?" என்று கேட்டார்.

"சீட்டுதாங்க" என்றார் நொகாமி. "தப்பு கொஞ்சம் அதிகமாயிருச்சு."

விழா நாளில் சிலை திறக்கப்பட்டது. தலைவர் பேசினார். கூட்டம் முதலில் அமைதியாகத்தான் இருந்தது. யாரோ ஒருவர் மலருக்குள் இருந்த சீட்டைப் பிரித்தார். பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி முன்வரிசைக்கு வந்தது. 'எதிரியே இல்லாத முன்னிலை என்பதைப் பேருந்து தாமதம் என்று வாசிக்கவும்' என்று ஒரு கிழவர் உரக்கப் படித்தார். பக்கம் நாற்பத்தெட்டுக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. செப்டம்பர் பத்தொன்பதில் திட்டிய இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் பலர் அங்கே இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் மனைவியோடு நின்றிருந்த இசோபேயை யாரோ அடையாளம் கண்டு தொப்பியைக் கழற்றினார். அடுத்தவரும் கழற்றினார். எல்லோரும் குனிந்து வணங்கினார்கள்.

"என்னங்க இது, எல்லாரும் கும்பிடறாங்க" என்றாள் மிட்சுயோ.

"சிலையை" என்றார் இசோபே. "நமக்குப் பின்னால இருக்கு பாரு."

திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் சைக்கிள் நிறுத்தம்தான் இருந்தது.

அடுத்த நாளே ஊரில் மலரை வைத்துச் சட்டியை மூடினார்கள். சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். சிலையின் பீடத்தில் தினமும் காலையில் 'முப்பத்தொன்று என்று வாசிக்கவும்' என்று யாரோ காகிதம் ஒட்டினார்கள், நிலைய ஊழியர் கிழித்தார், மீண்டும் ஒட்டினார்கள். லீக்கின் அம்பயர் சங்கம், தங்கள் தீர்ப்பையே திருத்திய ஆளைத் தங்களோடு வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு என்று இசோபேயை அம்பயராகச் சேர்த்துக்கொண்டது.

நொகாமிக்கு விசாரணை. மறுபடியும் அதே ஏழு பேர், தேநீர், பிஸ்கட். பதிவுப் புத்தகங்களைக் கொண்டு வரச் சொன்னார்கள். சீட்டில் ஒரே ஒரு பொய் அகப்பட்டாலும் போதும், நிறுவனத்துக்கு அவதூறு என்று ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நொகாமியும் தன் மேசையைக் காலி செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். பையில் பென்சில் பெட்டியும் ஓர் உட்காரும் மெத்தையும் இருந்தன. மூன்று நாள் வரிவரியாகப் பார்த்தார்கள். அறுபத்தொன்றும் சரியாக இருந்தன.

"இதை எழுதினது யாருன்னு முதல்ல தெரியணும்" என்றார் தலைவர்.

"நான்தாங்க ஐயா."

"உங்ககிட்ட யாரும் கேக்கல" என்றார் அரிமுரா அவசரமாக. சீட்டின் மூலப்பிரதி அவர் முன்னால் கிடந்தது. அதன் அடியில் வரிசையாக ஏழு முத்திரைகள். இரண்டாவது அவருடையது, ஏழாவது தலைவருடையது. நொகாமி குற்றவாளி என்றால், அதற்கு ஒப்புதல் தந்த ஏழு பேரும் அவரோடு கூடவே படியிறங்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் தேநீரைக் குடித்தார்கள்.

அரிமுரா எழுந்து, 'பிற' என்ற சொல்லைத் தந்த அதே மேதைமையோடு தீர்மானத்தை வாசித்தார்.

"மேற்படி சீட்டில் அறுபத்தொரு தகவல்கள் உள்ளன. குழு தீர விசாரித்ததில் அனைத்தும் உண்மை என்று தெரியவந்தது. ஆகவே இது நம் நிறுவனத்தில் தயாரிக்கப்பட்டதாக இருக்க வாய்ப்பே இல்லை."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.